வெற்றுப் பொதி

பூட்டுத்திரை நிரலில்
ஒரு வரியின் உயரம் இரண்டு படப்புள்ளி குறைவு.
அவ்வளவுதான் தவறு.
எழுதியவரின் எழுத்துகள்
தலைக்குமேல் இடம் கேட்பதில்லை போலும்.

மார்சிலிங் சமூக மன்றத்தில் எட்டுப் பழைய கணினிகள்.
பார்த்துக்கொள்பவர் இர்வான்.
தமிழ் தெரியாது, எண்ணத் தெரியும்.
"அக்கா, போன வாரம் இந்த வாக்கியத்தில்
ஐந்து குண்டு இருந்தது.
இப்போது ஒன்றுமில்லை. யார் எடுத்தது?"

போய்ப் பார்த்தேன்.

தவறான கடவுசசொல.
மீணடும முயலக.

புள்ளி போனால் மெய்க்கு உயிர் வந்துவிடும்,
இலக்கணம் அப்படித்தான் சொல்கிறது.
துணைப்பாட வகுப்புப் பையன்கள்
முயலக, முயலக என்று கூவினார்கள்,
நடராசர் காலடியில் கிடப்பவனை
எழுப்புகிற மாதிரி.

அன்றிரவே மூலத்தை இறக்கினேன்.
பதினோராம் மாடி.
எதிர் புளோக்கில் யாரோ மூங்கில் கழிகளை அவசரமாக உள்ளிழுத்தார்கள்,
ஜொகூரிலிருந்து மழை
காசுவேயைக் கடந்துகொண்டிருந்தது.
ஒரு கழித்தல் வரி, ஒரு கூட்டல் வரி.
பதினாறு என்றிருந்ததைப் பதினெட்டாக்கினேன்.
திருத்தம் அவ்வளவே.
பொதி கட்டுவதுதான் வேலை.

எது எதைச் சார்ந்தது,
எதோடு எதற்கு ஆகாது,
யார் எழுந்தால் யார் அந்த இடத்தில் உட்கார்வது,
கல்யாணப் பந்தியில் நிற்பவள்போல்
அத்தனையும் தெரிந்திருக்கவேண்டும்.
மாற்றக் குறிப்பில் பெயர்: பவளக்கொடி சிதம்பரநாதன்.
கிழமை, தேதி, நேரம்,
கடைசியில் கூட்டல் எட்டு,
கிரீன்விச்சைவிட நாங்கள் முந்தி விழிக்கும் மணிகள்.
பிறகு சாவியால் கையொப்பம்.
மடிக்கணினியின் விசிறி இரைந்து ஓய்ந்தபோது
4.2.7-க்கு ஒரு வால் முளைத்திருந்தது:
புள்ளி1.

மாதம் ஒருமுறை மூலம் மாறும்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் நான் போட்ட ஒட்டு
பிடியில்லாமல் நிற்கும்.
வரியைத் தேடிப் பிடித்து மறுபடி ஒட்டுவேன்.
புள்ளி2. புள்ளி3.
புள்ளி6-ல் ஒரு சார்பை எழுத மறந்து
எட்டுத் திரையும் கறுத்து நின்றன.
ஞாயிற்றுக்கிழமை,
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காமலே ஓடினேன்.
இர்வான் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பதினொரு நிறுவல் என்று கணக்கு காட்டியது.
மன்றத்தில் எட்டு. என்னுடையது ஒன்று.
மீதி இரண்டு யார்?
வெளியிட்ட ஐந்தாம் நிமிடம்
எடுத்துக்கொள்வார்கள்,
விடிகாலை மூன்றானாலும்.
எழுதியதில்லை. திட்டியதுமில்லை,
புள்ளி6-க்குக்கூட.

திருத்தத்தை மூலத்துக்கும் அனுப்பியிருந்தேன்.
பதினான்கு மாதம் கழித்து
ஓந்த்ரே என்பவர் பதில் போட்டார்:
"சேர்த்தாயிற்று. தாமதத்துக்கு மன்னிக்கவும்,
இங்கே இரட்டைக் குழந்தைகள்."

இனி எல்லாருக்கும் பதினெட்டு.
என் பொதிக்கு வேலையில்லை.
ஆனால் சும்மா அழித்துவிட முடியாது,
பதினொரு கணினி அந்தப் பெயரைக் கேட்டபடி நிற்கும்.
கடைசியாக ஒன்று கட்டவேண்டும்.
உள்ளே நிரலில்லை, ஒட்டில்லை.
என் இடத்தில் மூலத்தை உட்காரவை
என்று ஒரே வரி.
காலியானாலும் கையொப்பம் வேண்டும்.

கோப்பி கலக்கிவிட்டு வருவதற்குள் திரை பூட்டிக்கொண்டது.
கடவுச்சொல்லைத் தவறாக அடித்தேன்,
வேண்டுமென்றேதான்.
ஐந்தும் இருந்தன.

காரணம் எழுதும் இடத்தில்
'தேவையில்லை' என்று எழுதி
அழித்து
'தேவை முடிந்தது' என்றாக்கி அனுப்பினேன்.
ஐந்தாம் நிமிடம் அந்த இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள்.

காலையில் இர்வானிடமிருந்து ஒரு படம்,
சிவப்பு வட்டங்களோடு.
"அக்கா, ஆறு இருக்கிறது. ஒன்று கூடுதல்."
பெரிதாக்கிப் பார்த்தேன்.
'முயல்க'வின் கடைசிக் ககரத்தின் தலையில்
எறும்பு.

துடைத்துவிடுங்கள் என்று எழுதினேன்.
அதற்குள் அது
முந்தைய சொல்லுக்குப் போய்விட்டதாம்.